ஒரே ஒரு இருமல்

மரத்தில் பாதியை வெட்டி முடித்துவிட்டேன் என்று என் மனைவியிடம் தொலைபேசியில் சொன்னபோது, நான் அந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். மரம் முழுசாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்துவிட்டு நான் திரும்பி வருவதற்குள் அடித்த காற்றில் வேரோடு சாய்ந்து, கேட்டுக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவே பாதையை மறித்துப் படுத்துவிட்டது. ஒரு முனை சுற்றுச்சுவரின் மேல், மறுமுனை மண்ணில். மூன்று நாளாக அதற்கு அடியில் தவழ்ந்துதான் வெளியே போய் வந்துகொண்டிருந்தேன். எழுபத்தொரு வயதில் தவழ்வது அப்படியொன்றும் மோசமில்லை. ஒரு வீட்டு வாசலில் எத்தனை எறும்பு இருக்கிறது என்பது அப்போதுதான் தெரிகிறது. பதினோராயிரத்து நானூறு.

"ரம்பம் ரொம்பச் சத்தம் போடுதா?" என்றாள்.

"பக்கத்துத் தெருவுல ஒரு வீட்டு ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டுடுச்சு. போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன்."

"அப்படியா? பாத்துப் பண்ணுங்க" என்றாள்.

அந்த 'அப்படியா'தான் என்னை உறுத்தியது. அவள் முப்பத்தைந்து வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவள். நான் முப்பத்தொரு வருடம் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டியவன். என் கதைகள் எல்லாமே ஏழு மாடி நீளம். மூன்றாவது மாடியில் இறங்குகிறவர்களுக்கு முடிவு தெரியாது. அதனால் பக்கத்து லிஃப்ட் காலியாக நின்றாலும் மறுநாளும் என்னுடையதிலேயே ஏறுவார்கள். மானேஜர் ஒருவர் முடிவைக் கேட்பதற்காக ஏழாவது மாடிக்கே பதவி உயர்வு வாங்கிக்கொண்டு போனார். ஆனால் இந்த வித்தை எதுவும் வீட்டில் செல்லாது. நான் வாயைத் திறந்ததுமே என் மனைவி கண்ணாலேயே சிவப்பு மையில் ஒரு சுழி சுழித்து "பொய்" என்பாள். நாற்பத்திரண்டு வருடமாக அதுதான் எங்கள் வீட்டுப் பேச்சு. அப்படிப்பட்டவள் பிழையைப் பார்த்தும் விட்டுவிடுகிறாள் என்றால், அவளுக்குப் படிக்கவே மனசில்லை என்று அர்த்தம்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போனது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சாப்பாட்டு நேரத்தில், திமிங்கிலத்துக்குத் தொப்புள் கிடையாது என்றேன். உண்டு என்றாள். நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன் என்றேன். அவள் கையைக் கழுவிவிட்டு, அலமாரியின் உச்சியிலிருந்த கலைக்களஞ்சியத்தின் நாலாம் தொகுதியை எடுக்க ஸ்டூலில் ஏறினாள். தொகுதியும் அவளும் சேர்ந்தே விழுந்தார்கள். இடுப்பெலும்பு. வலியில் முகம் வெளுத்துக் கிடந்தபோதும் "புத்தகம் மடங்காம எடுத்து வைங்க" என்றாள். அவளை வண்டியில் ஏற்றி, பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் சேர்த்து, எலும்புக்கு ஆணி அடித்து முடித்தபின், நாலு மணி நேரம் பஸ்ஸில் தனியாக வீட்டுக்குத் திரும்பி வந்து, அந்தத் தொகுதியை எடுத்துப் பார்த்தேன். திமிங்கிலத்துக்குத் தொப்புள் உண்டு. படம்கூடப் போட்டிருக்கிறார்கள். இந்த மரம் விழும் வரை இதை நான் யாரிடமும் கதையாகச் சொன்னதில்லை.

மரம் விழுந்ததை மட்டும் திங்கட்கிழமையே அவளிடம் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை அவளை வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தார்கள். சக்கர நாற்காலியோ ஊன்றுகோலோ, எதில் வந்தாலும் அந்தப் பாதையில்தான் வரவேண்டும். மரம் வெட்டுகிறவர்கள் எல்லோருக்கும் போன் போட்டேன். காற்று ஊர் முழுக்க மரங்களைச் சாய்த்திருந்ததால் இரண்டு வாரத்துக்கு யாருக்கும் நேரமில்லை. அதைச் சொன்னால் அவள் வருத்தப்படுவாளே என்று, நானே ஒரு சங்கிலி ரம்பம் வாங்கிவிட்டதாகவும் வேலையை ஆரம்பித்துவிட்டதாகவும் சொன்னேன். அன்றைக்கும் அவள் 'பொய்' என்று சொல்லவில்லை.

"நான்கூட இன்னைக்கு வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு ஜன்னல் வரைக்கும் நடந்தேன்" என்றாள் இப்போது. "வெளியில ஒரு புறா. ஒத்தக் காலைத் தூக்கிக்கிட்டு நிக்குது. நொண்டி போலிருக்கு. என்னையே பாத்துச்சு."

"நல்லா நட. சனிக்கிழமை நம்ம வாசலை நீ அடையாளம் கண்டுபிடிக்க முடியாது" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

தேநீர் ஆறுவதற்குள் மறுபடியும் போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் அவளுக்கு நடை பழக்குகிற பெண்.

"ஐயா, வெள்ளிக்கிழமை டாக்டர் வந்து பாப்பாரு. அம்மா ஒரு பத்து அடியாவது நடந்து காட்டணும். இல்லைன்னா வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க. பராமரிப்பு இல்லத்துக்குத்தான் மாத்துவாங்க. அங்க போயிட்டா..."

"பத்து அடி என்னம்மா பத்து அடி. அவ ஜன்னல் வரைக்கும் போய்ப் புறாவெல்லாம் பாத்துட்டு வர்றா."

"அம்மா இன்னும் கட்டில விட்டே இறங்கல ஐயா. பயப்படுறாங்க. வாக்கரைக் கொண்டுபோனாலே சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்குறாங்க. திங்கட்கிழமை வேற அறைக்கு மாத்தினோம். இந்த அறையில ஜன்னலே இல்ல."

போனை வைத்துவிட்டு வெகுநேரம் மரத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தேன். தொழில் தெரிந்தவன் என்ற முறையில் முதலில் மெச்சத்தான் தோன்றியது. புறா என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்றாளே, அங்கேதான் இருக்கிறது கைத்திறன். முதல் பொய்யே ஏழாவது மாடி வரைக்கும் தாங்கும் பொய். பிறகுதான் உறைத்தது. நாற்பத்திரண்டு வருடம் ஒரு பிழையைக்கூட விடாதவளை இப்படிச் சொல்ல வைத்துவிட்டேனே. லிஃப்ட் மேலே போகும்போது அதன் எடைக்கட்டை கீழே இறங்கும். இரண்டும் ஒரே கம்பியில் தொங்குகின்றன. நான் இந்த முனையில் புளுகப் புளுக, அவள் அந்த முனையில் கட்டிலோடு இறங்கிக்கொண்டிருந்தாள். முதலில் என் பக்கத்தை நகர்த்தியாக வேண்டும். மிச்சமிருந்த தேநீரை எறும்புகளுக்கு ஊற்றிவிட்டு, தவழ்ந்து வெளியே போய், ரம்பம் வாங்கக் கிளம்பினேன்.

கடை, பம்புகளும் புல் வெட்டும் இயந்திரங்களும் விற்கிற இடம். சுவரில் ரம்பங்கள் அளவு வாரியாகத் தொங்கின, ஒரு பெரிய குடும்பத்தைப் புகைப்படத்துக்கு நிறுத்தி வைத்த மாதிரி. கடைக்காரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும்; மூக்குக்கண்ணாடி கயிற்றில் கழுத்தோடு கிடந்தது, நகக்கண்ணெல்லாம் எண்ணெய்க் கறுப்பு. முகத்தில் சிரிப்பு என்கிற பொருள் கையிருப்பில் இல்லை.

"மரம் எவ்வளவு தடிமன்?"

"மூணு பேர் கை கோத்தாத்தான் கட்டிப் பிடிக்க முடியும்."

இருப்பதிலேயே பெரிய ரம்பத்தை இறக்கி மேஜையில் வைத்தாள். தூக்கிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்துக்கு நான் அதைத் தூக்குகிறேனா, அது என்னைத் தூக்குகிறதா என்பது யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. கடைக்காரம்மா அதை என்னிடமிருந்து காப்பாற்றி மறுபடியும் மாட்டினாள். பிறகு ஒரு சணல் உருண்டையிலிருந்து கொஞ்சம் கயிற்றை வெட்டிக் கொடுத்தாள்.

"மரத்தைச் சுத்திக் கட்டி, முனை சேர்ற இடத்துல ஒரு முடிச்சுப் போட்டு எடுத்துட்டு வாங்க பெரியவரே. அப்புறம் பேசலாம்."

வீட்டுக்குப் போய் அப்படியே செய்தேன். திரும்பி வருகிற வழியில் முடிச்சை அவிழ்த்து ஒரு சாண் தள்ளிப் போட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை, பழக்கதோஷம். கடைக்காரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கயிற்றை விரலால் தடவினாள். ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

"இங்க ஏற்கெனவே ஒரு முடிச்சு இருந்திருக்கே?"

"மதியத்துக்கு மேல அந்த மரம் கொஞ்சம் வீங்கும்."

"என்கிட்டப் பொய் சொன்னாப் பரவாயில்ல" என்றாள், முகம் மாறாமல். "இந்த ரம்பங்ககிட்டச் சொல்லிடாதீங்க. கையைக் கேக்கும்."

பழைய முடிச்சின் தடத்திலிருந்து அளந்தாள். சுற்றளவு மூன்றடி, குறுக்கே ஓரடி. சங்கிலி ஓடுகிற இரும்புப் பட்டை பதினாலு அங்குலம் இருந்தால் போதும் என்றாள். வீட்டு உபயோகத்துக்கு மூன்று வகை இருக்கிறதாம். ஒயர் வைத்தது ஒன்று. ஒயர் வீட்டிலிருந்து மரம் வரைக்கும் நீளவேண்டும், வெட்டும்போது அதையே வெட்டிவிடாமலும் இருக்கவேண்டும். பேட்டரியில் ஓடுவது ஒன்று. அதைத்தான் என் முன்னால் தள்ளினாள். "பட்டனை அழுத்தினா ஓடும், விட்டா நிக்கும். முதல் தடவை எடுக்குறவங்களுக்கு, அதுவும் உங்க வயசுக்கு, இதுதான் சரி."

"சத்தம் எப்படி?"

"அவ்வளவா இருக்காது. அது நல்லதுதானே?"

"பக்கத்துத் தெருவுல கண்ணாடி விரிசல் விடுமா?"

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். "சத்தத்துக்காக ரம்பம் வாங்குற ஆளை இருபது வருஷத்துல இப்பத்தான் பாக்குறேன்."

அப்போதுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திமிங்கிலத்திலிருந்து புறா வரைக்கும். எதையும் கூட்டவில்லை, எந்த முடிச்சையும் தள்ளிப் போடவில்லை. சொல்லி முடித்தபோதுதான் தெரிந்தது, கதை மூன்று மாடிக்குமேல் போகவில்லை. கடைக்காரம்மா எழுந்து போய், மூன்றாவது வகை, பெட்ரோலில் சத்தமாக ஓடுகிற ரம்பங்களில் இருப்பதிலேயே சின்னதை எடுத்து வந்தாள். கூடவே தலைக்கவசம், காதடைப்பு, கண்ணாடி, கையுறை, சங்கிலி பட்டால் சிக்கி நிறுத்துகிற கனத்த கால்சட்டை. எல்லாவற்றையும் அங்கேயே போட்டுப் பார்க்கச் சொன்னாள். நிலவுக்குப் போகிறவன் மாதிரி நின்றுகொண்டு பாடம் கேட்டேன். பெட்ரோலோடு கலக்கும் எண்ணெய் வேறு, சங்கிலிக்கு ஊற்றும் எண்ணெய் வேறு. பட்டையின் மூக்கு நுனி எதிலும் படக்கூடாது. பட்டால் ரம்பம் துள்ளி முகத்துக்கு வரும். மரத்தின் இரண்டு முனையும் தாங்கலில் இருப்பதால் முதலில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்குதான் வெட்டவேண்டும். மீதியைக் கீழிருந்து மேலே. ஒரேயடியாக மேலிருந்து வெட்டினால் மரம் பட்டையைக் கவ்விக்கொள்ளும்.

"கடைசியா ஒண்ணு" என்றாள். "இதை ஸ்டார்ட் பண்றதுதான் எல்லாருக்கும் தகராறு. தரையில வைங்க. பிரேக் போட்டிருக்கணும். வலது கால் நுனியைப் பின்கைப்பிடிக்குள்ள விட்டு மிதிச்சுக்குங்க. சோக்கை, இந்தக் குமிழை, வெளிய இழுத்துட்டு, கயிறை இழுங்க. எடுத்த எடுப்புல உறுமாது. ஒரே ஒரு இருமல் இருமும். சின்னதா. அதைக் கேட்ட உடனே சோக்கை உள்ள தள்ளிட்டு மறுபடி இழுத்தா ஓடிடும். அந்த இருமலைக் கேக்காம இழுத்துக்கிட்டே இருந்தீங்க, பெட்ரோலைக் குடிச்சு மூச்சு முட்டிக்கும். அப்புறம் அரை மணி நேரம் சும்மா உக்காந்திருக்கணும்." ஒரு கணம் யோசித்தாள். "இழுக்கும்போது பேசாதீங்க."

"நானா?"

"நீங்கதான்."

வியாழக்கிழமை காலை வெயில் ஏறுவதற்கு முன்பே ரம்பத்தைத் தரையில் வைத்து, காலை மாட்டி, கயிற்றை இழுத்தேன். ஒரு புது ஆளோடு முகம் கொடுத்துப் பேசாமல் வேலை செய்வது எனக்கு வழக்கமில்லை. வணக்கம் சொன்னேன். இழுத்தேன். லிஃப்ட்டில் ஒருமுறை ஒரு குதிரையை ஏற்றிப் போன கதையைச் சொன்னேன். இழுத்தேன். குதிரை ஐந்தாவது மாடியில் இறங்க மறுத்த இடம் வரும்போது பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியது. மூச்சு முட்டிக்கொண்டுவிட்டது. அரை மணி நேரம் மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது முறை பேசவே கூடாது என்று உறுதியாக இருந்தேன். அந்த உறுதியைப் பற்றி அதனிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது மறுபடியும் முட்டிக்கொண்டது. மூன்றாவது முறை வேறு எதையோ பேசினேன், என்ன என்று நினைவில்லை. மதியம் ஆனபோது மரம் முழுசாக இருந்தது. என் வலது தோள்தான் பாதியாகியிருந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை.

போன் அடித்தது. அவள்தான்.

"எவ்வளவு ஆச்சு?"

முக்கால்வாசி என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்து, சட்டை மாட்டி, தலை சீவி, கிளம்பத் தயாராக நின்றது. அதைத் திருப்பி அனுப்பினேன்.

"ஒண்ணும் ஆகல. மரம் அப்படியே கிடக்கு. ரம்பம் நேத்துச் சாயங்காலம்தான் வாங்கினேன். ஸ்டார்ட்டே ஆக மாட்டேங்குது."

அவளுக்குப் பின்னால் யாரோ தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

"அந்தக் கண்ணாடி?"

"எந்தக் கண்ணாடியும் உடையல."

"நான் பாத்தேனே, அந்தப் புறா..."

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"புறாதான்."

அவள் சிரித்தாள். ஸ்டூலிலிருந்து விழுந்த பிறகு நான் கேட்கிற முதல் சிரிப்பு. சிரிப்பு நடுவிலேயே வேறு மாதிரி ஆகி, மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "பயமா இருக்குங்க. காலைக் கீழ வெச்சாலே ஸ்டூல் ஆடுற மாதிரி இருக்கு. அந்தப் பொண்ணு பாவம், வாக்கரை வெச்சுக்கிட்டு இங்கயேதான் நிக்குது."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. இது கையைக் கேக்குமாம்."

"யாரும் கேக்காமலே குடுத்துடாதீங்க." குரல் தெளிந்துவிட்டது. "என்ன பண்ணச் சொல்லியிருக்காங்க? ஒண்ணு ஒண்ணாச் சொல்லுங்க."

சொன்னேன். இரண்டு இடத்தில் நிறுத்தி, வரிசை மாறிவிட்டது என்று திருத்தினாள். இருமல் வந்ததும் சோக்கைத் தள்ளவேண்டும் என்ற இடத்தில், "இருமிச்சா?" என்று கேட்டாள்.

"எங்க இருமுது? காலையிலேர்ந்து நானும் பாக்குறேன்."

"நீங்க அப்ப என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

"அதுகிட்டப் பேசிக்கிட்டு இருந்தேன்."

"குதிரைக் கதையா?"

கயிற்றின் கைப்பிடியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"போனை ஸ்பீக்கர்ல போட்டுச் சுவர் மேல வைங்க. வாயை மூடுங்க. நான் கேக்குறேன்."

வைத்தேன். கண்ணாடியும் கையுறையும் மாட்டி, காதடைப்பை மட்டும் நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, காலால் மிதித்துக்கொண்டு இழுத்தேன். ஒன்றுமில்லை. இழுத்தேன். கயிறு சர்ரென்று உள்ளே போனது. சுவரின் மேலிருந்து சத்தமே இல்லை. நாலு மணி நேரப் பஸ் தூரத்தில் ஒரு பெண் ஒரு பக்கத்தின் மேல் குனிந்திருப்பதுபோல அவ்வளவு அமைதி. நானும் மூச்சுக்கூட விடவில்லை. மூன்றாவது முறை இழுத்தேன்.

"இருமிச்சு!" என்று சுவர் கத்தியது. "தள்ளுங்க! சோக்கை உள்ள தள்ளுங்க!"

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இருந்தாலும் தள்ளினேன். இழுத்தேன். ரம்பம் ஒருமுறை உடம்பை உதறிக்கொண்டு அலறியது. நான் கிட்டத்தட்ட அதற்கு முன்னால் அலறியிருப்பேன். வேலியில் இருந்த குருவிகள் எழும்பிப் பறந்தன. எந்தத் தெருவிலும் எந்தக் கண்ணாடியும் விரிசல் விடவில்லை. காதடைப்பை இறக்கி, பிரேக்கை விடுவித்து, பட்டையை மரத்தின் மேல் வைத்தேன்.

மரத்தூள் இவ்வளவு ஈரமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மஞ்சளாக, வெதுவெதுப்பாக, கால்சட்டையின் மடிப்பெல்லாம் நிறைந்தது. மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு. நிறுத்தி, பார்த்து, பிறகு ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று கீழிருந்து மேலே. ஓர் இடத்தில் மரம் முனகியது. பிறகு நடு இடம் திறந்து கொடுத்து, வேர்ப்பக்கம் பொத்தென்று மண்ணில் அமர்ந்தது. நான் இரண்டடி பின்னால் போய் ரம்பத்தை அணைத்தேன்.

காதடைப்பைக் கழற்றிய பிறகும் காதுக்குள் ரீங்காரம் நிற்கவில்லை. "கேட்டுச்சா?" என்று கேட்கத்தான் சுவர் பக்கம் போனேன். போனில் பேச்சில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று குனிந்து பார்த்தேன். அறுந்திருக்கவில்லை. பிறகுதான் அது கேட்டது. இரும்புக் கால் ஒன்று தரையில் படுகிற சத்தம். டக். அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு செருப்பு மெல்ல இழுபடுகிற சத்தம். "அப்படித்தான்மா... மெதுவா..." என்று அந்தப் பெண் சொல்வது தூரத்தில் கேட்டது.

டக்.

தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வெட்டிய இடத்தில் ஒரு முழ அகலத்துக்கு இடைவெளி விட்டிருந்தது. அதன் வழியே கேட்டும், கேட்டுக்கு அப்பால் தெருவும் தெரிந்தன; தெருவில் ஓர் ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அவர் என்னைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்தார். நான் உதட்டின் மேல் விரலை வைத்தேன். அவரும், எதற்கென்று தெரியாமலே, சைக்கிளை நிறுத்திவிட்டு அசையாமல் நின்றார்.